ஒரு நாய் வேலியோரம் நடந்த நாள்

டார்லிங் நதிக்கு மேற்கே வில்கா பண்ணையில் அந்த வருடம் கத்தரித்த நாலாயிரம் ஆடுகளின் கம்பளியும் ஒரே இடத்தில், தோலிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில், ஒடிந்தது. கம்பளியைத் தரம் பிரிப்பவள் பண்ணைக்காரன் மெர்வினின் மனைவி டொரீன். ஒரு கற்றையை இரு முனையிலும் பிடித்துக் காதோரம் சுண்டினால் நல்ல கம்பளி கிண்ணென்று ஒலிக்கும். ஆடு பட்டினியோ சீக்கோ பட்ட காலத்தில் வளர்ந்த இடம் மட்டும் படபடத்து அறும். டொரீனின் காதுக்கு நாள்கூடத் தெரியும். ஆகஸ்ட் பதினொன்று, செவ்வாய், மதியத்துக்கு மேல் என்றாள். அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள் எல்லாம் தலையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டே பிறந்தன. பால் குடிக்கும்போதும் பின்னால்தான் பார்த்தன.

அடிலெய்டிலிருந்து இங்க்ரிட் என்ற ஆராய்ச்சிக்காரி வந்து பார்த்தாள். வேலியோரம் ஒரு காட்டுநாயின் தடம் இருந்தது. ஒரே ஒரு சுற்று நடந்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு ஆட்டையும் தொடவில்லை. நாய் கொல்ல வேண்டியதில்லை, வாடையே போதும், ஆடு மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நிற்கும், அந்த நிற்றல்தான் கம்பளியைத் தின்கிறது என்று அவள் விளக்கினாள். கடிக்காத நாய் கெடுத்ததாம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு படிச்சியா என்று மெர்வின் சிரித்தான்.

மெர்வின் சத்தக்காரன். குரைக்கிற நாய் கடிக்காது என்று வட்டாரமே அவனைச் சொல்லும். அவனும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வான். முப்பது வருடத்தில் மனைவியை ஒரு அடி அடித்ததில்லை. ஆனால் வீடு திரும்பும் அவன் வண்டி பண்ணையின் மூன்றாவது கேட்டைத் தாண்டியதும் அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் கொதிப்பதை நிறுத்திவிடும். கெட்டில் சரியில்லை என்று இதுவரை ஒன்பது கெட்டில் வாங்கிவிட்டான், பாவம்.

இங்க்ரிட் ஊர் திரும்பிய மறுநாள் காலை, தலை வாரிக்கொண்டிருந்த டொரீன் என்ன நினைத்தாளோ, தன் முடியில் ஒரு கற்றையை வெட்டிக் காதோரம் சுண்டினாள். முனையிலிருந்து முனைவரை படபடத்தது. ஒரே ஒரு இடம் மட்டும் கிண்ணென்றது. அது மெர்வின் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதம். கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். ஆட்டுக்கெல்லாம் காது கொடுத்தவள் தனக்குக் கொடுக்கவில்லையே என்றுதான் அழுகை.

பிறகு கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்குப் போய் இன்னொரு கற்றையை அவன் கையில் வைத்தாள். கொட்டகையிலேயே வளர்ந்தவன் மெர்வின். சுண்டும்போது எப்போதும் கண்ணை மூடிக்கொள்வான்.

"எந்த ஆடு இது? பாவம், என்ன பாடு பட்டிருக்கு" என்றான்.

"நான்தான்."

கண்ணைத் திறந்து பார்த்தான்.

"நான் உன்மேல ஒரு நாளும் கை வச்சதில்லையே, டொரீன்."

"அந்த நாயும்தான் ஒரு ஆட்டையும் கடிக்கல, மெர்வ்."

அன்றைக்கே அவன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு, அரை மைல் தள்ளி, கத்தரிப்பவர்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டான். ஞாயிறு மதியம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நிற்பான். டொரீன் ஒரு முடியை எடுத்துச் சுண்டிப் பார்ப்பாள். சில ஞாயிறு, "வா, சாப்பாடு ஆறிடும்" என்பாள். சில ஞாயிறு, "இன்னிக்கு வேணாம்" என்பாள். அவனும் சரியென்று திரும்பிவிடுவான். சாலையில் போகிறவர்கள் அவனுக்குக் கையசைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போவார்கள். காற்று வீட்டிலிருந்து தன்னை நோக்கி வீசும் பக்கமாகப் பார்த்துத்தான் அவன் நிற்பான், தன் வாடை முந்திக்கொண்டு உள்ளே போய்விடக்கூடாது என்று.