இறங்கு ஏலம்

"மறுபடியும் இறங்கிட்டான்க்கா. நாமளும் இறங்கவா?"

"இறங்குடா. எவன்னு பாத்துருவோம்."

பிரவுசிங் சென்டர் தடுப்புக்குள் தம்பி ஸ்டான்லி விசைப்பலகையைத் தட்டினான். பின்னால் நின்ற ஜோஸ்பினுக்குக் காதுமடல்வரை கொதித்தது. பேகம்பூரில் அவள் நடத்தும் தோல் ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத்தோலை வருடம் தவறாமல் வாங்கிவந்த வெளிநாட்டுக் கையுறைக் கம்பெனி, இந்த 2004-ல் ஆள் அனுப்பவில்லை. இனி எல்லாம் இன்டர்நெட்டில்தான், குறைந்த விலை கேட்பவருக்கே ஆர்டர் என்று மெயில் அனுப்பிவிட்டது. திரையில் யார் பெயரும் இல்லை. அவள் ஒன்றாம் எண். விலையை வெட்டிக்கொண்டே இருந்தது மூன்றாம் எண்.

முன்பெல்லாம் கம்பெனி ஆள் வந்தால் அவளும் இன்னொரு ஷாப் நடத்தும் கஸ்பார் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விலை சொல்வார்கள். கிடைத்ததைப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். இந்த முறையும் பேசிய விலைக்குக் கீழே இறங்குவதில்லை என்று ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அசையாமல் நின்ற இரண்டாம் எண்தான் சித்தப்பா என்று அவள் நம்பினாள். மூன்றாவது ஆள் எவனோ வெளியூர்க்காரன். அவனை விரட்டிவிட்டு அவருக்கு விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

திரையில் அவள் புதிய விலை வந்ததும் அடுத்த தடுப்பிலிருந்து ஒரு சத்தம்.

"அடச்சீ! ஒண்ணாம் நம்பர்க்காரன் நாசமாப் போக! மறுபடி இறக்கிட்டான்!"

பிறந்ததிலிருந்து கேட்ட குரல். ஊரில் வேகமான இணைப்பு உள்ள பிரவுசிங் சென்டர் இது ஒன்றுதான். சித்தப்பா வேறெங்கே போவார்? ஜோஸ்பின் போய்த் தடுப்புக் கதவை உதைத்துத் திறந்தாள்.

"மூணாம் நம்பர் நீங்கதானா?"

கஸ்பார் விழித்தார். "அப்ப ஒண்ணு... நீயா புள்ள?"

"கோயில் வாசல்ல வாக்குக் குடுத்த வாயா இது!"

"நீ மட்டும் என்னத்தக் காப்பாத்துன? எவனோ வெளியூரான்னுல்ல நெனச்சேன்."

"நானுந்தான் நெனச்சேன். நம்ம ரெண்டு பேரையும் மோதவிட்டு, கம்பெனிக்காரன் எவனோ ஏசி ரூம்ல உக்காந்து சேவச்சண்டை பாக்குறான்."

"பாத்துட்டுப் போறான். எனக்கு ஆர்டர் வேணும்."

"இதுக்கும் கீழ போனா பச்சத்தோல் வாங்குற காசுகூடத் தேறாது. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஷாப்பப் பூட்டுறதுக்கு அது தேவல."

"இது போச்சுன்னா நான் நாளைக்கே பூட்டணும்!"

அவர் திரைக்குத் திரும்பினார். சிவப்பில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. அது தீரும்வரை யாரும் இறங்காவிட்டால் ஆர்டர் ஒன்றாம் எண்ணுக்கு. புதிய விலையை அவர் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். விரல் மவுஸின் மேல் இருந்தது.

"பாதி உங்களுக்குத்தான், மாதா மேல ஆணையா. அந்தக் கம்பெனிக்காரனுக்காக அமுக்காதீங்க. கைய எடுங்க சித்தப்பா."