ரெயானாவுக்குப் பெயர் வைத்த கதை

தளவாய்புரத்து நைட்டி கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் கார்த்திகாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்து நாலு மாதம் ஆகிவிட்டது. பிறப்புப் பதிவில் பெயர் மட்டும் இன்னும் ஏறவில்லை. செல்போனில் தேடி ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள்: ரெயானா. இயேசு பேசிய அரமேய மொழியில் எண்ணம் என்று பொருள் போட்டிருந்தது.

புருஷன் பாண்டிதுரை பட்டாளத்தில், அஸ்ஸாம் பக்கம் இருந்தான்.

"ரேயான் துணி தைக்கிறவ பிள்ளைக்கும் அதே பேரை வச்சிட்டாளேன்னு ஊரே சிரிக்கும். எங்கம்மா பேரை வையி" என்றான் போனில்.

அவன் அம்மா வெள்ளத்தாய் தை மாதம்தான் இறந்திருந்தாள். கார்த்திகாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. பிடித்த பெயரைக் கைவிடவும் மனம் வரவில்லை. புருஷன் பக்கத்தில் இல்லாமல் சுமந்த பத்து மாதமும் அவள் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தது இந்தப் பிள்ளையோடுதான்.

கம்பெனியில் பார்சல் போடும் எப்சி இறையியல் படித்தவள். அவள் சபையில் பெண்களைப் போதகராக்குவதில்லை; அதனால் இங்கே வந்து சேர்ந்தவள். அந்தப் பெயருக்குப் போட்டிருக்கும் பொருள் சரிதானா என்று கார்த்திகா அவளிடம் கேட்டாள். மறுநாள் ராஜபாளையத்து வீட்டிலிருந்து தடித்த அரமேய அகராதி ஒன்றை எப்சி கொண்டுவந்தாள்.

"நெசந்தான். எண்ணம், மனசு ரெண்டுக்கும் இந்தச் சொல்லுதான். ஆனா இது ஆண்பால், பாத்துக்கோ."

"இருக்கட்டும்க்கா. எங்கேயிருந்து வந்துச்சு?"

"இதே எழுத்துல ஆடு மேய்க்கிறதுன்னும் ஒரு சொல்லு இருக்கு. மந்தை மேலயே கண்ணா இருக்க மாதிரி மனசு ஒண்ணையே பாத்துக்கிட்டு இருக்கும், அதுதான் எண்ணம்னு சிலர் சொல்லுதாக. இல்லை, விருப்பம்கிற சொல்லுல இருந்து வந்துச்சு, மேய்ச்சல் வேற வேருன்னு சிலர் சொல்லுதாக."

"நீங்க என்னக்கா நெனைக்கிய?"

"எனக்குத் தெரியலை. நாலு வருசம் படிச்சும் அம்புட்டுதான்."

ஞாயிற்றுக்கிழமை பாண்டிதுரை கூப்பிட்டபோது, அந்தப் பெயருக்குள் ஆடு மேய்ப்பதைக் குறிக்கும் சொல் இருப்பதாக மட்டும் கார்த்திகா சொன்னாள்.

"கூமாப்பட்டி மலையடிவாரத்துல அம்மா ஆடு பத்தப் போகையில, என்னைய முதுகுல கட்டிக்கிட்டுத்தான் போவாளாம்" என்றான். பிறகு, "அந்தப் பேரையே எழுதிக் குடுத்திரு" என்றான்.

அத்தோடு போனை வைத்திருக்கலாம். கார்த்திகாவுக்கு அது பிள்ளையின் பெயரில் செய்கிற கள்ளத்தனமாகப் பட்டது.

"ஏங்க, அது உறுதி இல்லையாம். வேற வேருன்னும் சொல்லுதாகளாம்."

"யாரு?"

"படிச்சவுக."

"அவுக சண்டைய அவுக பாத்துக்கிடட்டும். நீ எழுது."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பேரும்மா இது?"

"எண்ணம்னு அர்த்தம் சார்."

அவர் ரசீது போட்டுக் கொடுத்தார். அதைப் படமெடுத்துப் பாண்டிதுரைக்கு அனுப்பினாள். அங்கே சிக்னல் இல்லை போலும்; போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது. பிள்ளை அழுதது. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, ஊர் திரும்ப ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.