ஆறில் ஒன்றை மறைத்த தம்பி

புதன்கிழமை என் தம்பிக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் போய்விடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பத்து நாள் பேச்சுதான் பாக்கி. அதை வைத்துக்கொண்டு அவன் செய்த முதல் காரியம், எனக்கு உஸ்பெக் மொழி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தது.

அவன் மனைவிக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான். வேலைக்குப் போன இடத்தில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் அவளும் நானும் பேசுவோம், நடுவில் இவன் மொழிபெயர்ப்பான். இப்போது சிகிச்சைக்காக இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு அவளைப் பிடிக்காது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவனை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். தம்பி மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வெட்டி மிஞ்சிய நீலத் துணியில் சாக்கால் எழுதினான். மென் என்றால் நான். சிஸ் என்றால் நீங்கள். பிறகு உ, பிஸ், உலார்.

"முதல்ல ஆளைச் சொல்லத் தெரியணும்க்கா. மத்ததெல்லாம் தானா வரும்" என்றான். குரல் ஏற்கெனவே கரகரத்தது.

"உ-ன்னா அவனா, அவளா?"

"ரெண்டும்தான். 'அது'வுக்கும் அதேதான்."

"நல்ல கூத்து! அதான் உன் போன்ல இருக்கிற ஆப்பு, இவ சொன்னதைத் தமிழ்ல மாத்தறேன்னு என்னைக் காட்டி 'அவன் நன்றாகத் தைக்கிறான்'னு சொல்லுச்சா?"

உலார் என்றால் அவர்கள். மரியாதைக்கு ஒற்றை ஆளையும் அப்படிச் சொல்லலாமாம். அவள் புருஷனை அப்படித்தான் சொல்வாளாம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது, காட்டிக்கொள்ளவில்லை. பிஸ் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

"நாமளுக்கும் பிஸ், நாங்களுக்கும் பிஸ்ஸா? அப்போ இவ என்னைச் சேர்த்துச் சொல்றாளா, தள்ளிவச்சுச் சொல்றாளான்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

"சேர்த்துத்தான் சொல்றான்னு வச்சுக்கோயேன்."

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, அடுத்த அறையில் அவள் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வாய்க்கு வாய் 'சென்' என்று ஒரு சொல் வந்தது. என் நீலத் துணியில் இருந்த ஐந்தில் அது இல்லை.

"சென்னுன்னா என்னடா?"

தம்பி இருமினான். தண்ணீர் குடித்தான். "நீ. ஆனா உனக்கு அது வேண்டாம்க்கா."

"ஏன் வேண்டாம்? நான் மூத்தவ. அவளை நீன்னுதானே சொல்லணும்? ஆறு வருஷமா நான் வாடி, போடின்னுதானே பேசுறேன்?"

"நீ அப்படித்தான் பேசின. நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை." தலையைக் குனிந்துகொண்டான். "சிஸ்னுதான் சொல்லுவேன். வாடி, போடி ஒண்ணும் அவ காதுக்குப் போகலை. 'உன் சட்டையில பட்டன் தொங்குது, தைக்கக்கூடத் துப்பில்லையா இவளுக்கு'ன்னு கேட்ட பாரு? அதை, 'உங்க முகம் வாடியிருக்கு, நல்லாத் தூங்குங்க'ன்னு சொன்னேன். அவ அழுதுட்டா."

"ஆறு வருஷமும் புளுகா?"

"அப்படியே சொல்லியிருந்தா இந்த வாசப்படி மிதிச்சிருப்பாளா? புதன்கிழமைக்கு அப்புறம் நடுவுல நான் இல்லைக்கா. நீங்க ரெண்டு பேரும் ஒட்டலைன்னா அவ என்னைத் தன் ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுவா. நான் அவகிட்ட சொன்ன அக்காவாவே இரேன்."

அதற்கு மேல் அவனுக்குக் குரல் எழும்பவில்லை. தம்பியை இழக்க எனக்கு மனசில்லை. அதற்காக இன்னொருத்தியின் இனிப்பு முகத்தை மாட்டிக்கொண்டு திரியவும் எனக்கு வராது. இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை காலை அவனை உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஒன்றோடொன்று திருகிப் பிணைத்த இரும்பு நாற்காலிகளில் அவளும் நானும். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கதவுக்கு மேல் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் விரலால் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நான் கட்டியிருந்த புடவை அது. அதைக்கூட உணராமல் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. கையைக் காதில் வைத்துப் போன் மாதிரி காட்டினேன்.

"ஞாயிற்றுக்கிழமை. உ" என்று தியேட்டர் கதவைக் காட்டினேன். "உ சொன்னது பொய். மென்..." தம்பியிடம் கேட்டு வைத்திருந்த சொல்லைத் தேடி எடுத்தேன். "மென் யமோன்." நான் கெட்டவள்.



"தெரியும்" என்றாள், மூன்று வாரத்தில் என் வீட்டில் பொறுக்கிய தமிழில். "போன்ல அக்கா மூஞ்சி..." புருவத்தை நெரித்து, உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். அச்சு அசல் நான்தான். "அவங்க வாய் சர்க்கரை. மூஞ்சி, வாய், சேரலை."

"அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் வந்தியா?"

தலையாட்டினாள். பிறகு நெஞ்சில் கை வைத்து, "நானும் திட்டு. முதல் நாள். அக்கா... ராத்திரி பறவை" என்று கண்ணை உருட்டி விழித்தாள்.

ஆந்தை! அந்த முதல் நாள், 'உன் கண்ணு பெரிசா அழகா இருக்குன்னு சொல்றாக்கா' என்றான் தம்பி. நான் அதை நம்பி ஆறு வருஷமாக மை தீட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். நர்ஸ் வந்து அதட்டினாள். சிரித்த வாயோடு அவள் என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்?

சாயங்காலம் அவனை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் குழாய், கண் மூடியிருந்தது. அவள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். நான் விலக்கினேன்.

"வேர்க்கும், விடு."

"சவூக்!" என்று மறுபடி மூடினாள். குளிராம்.

"என்ன சவூக்? ஃபேனே ஓடலை. பிடிவாதக்காரி!"

"அக்கா பிடிவாதம்!"

தம்பி கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பழக்கதோஷம், சமாதானப்படுத்தக் கையைத் தூக்கி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"நீ பேசாம படு!" என்றேன் நான். அவளும் அவள் பாஷையில் அதையேதான் சொன்னாள்.

அவன் கையைக் கீழே போட்டான். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குப் போனது, முகம் மட்டும் சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் போர்வையின் ஆளுக்கொரு முனையை விடவில்லை.