ராணிக்கு முறைமாப்பிள்ளை

வடிவம்மாளுக்குக் கைராசி இல்லை என்று கல்யாணமான மறுவருஷமே குடும்பத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். முதல் பிள்ளை காய்ச்சல் மேல் காய்ச்சலாக வந்து, நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டான். "இவ கை பட்டா எதுவும் தங்காது" என்று மாமியார்க்காரி சொன்னாள். புருஷன் கந்தசாமி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பிறந்த இரண்டு பெண்களும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார்களே, கியா பார்ம் மலைத் தோட்டத்தில் இவள் நடும் சாமந்தி லோரி லோரியாகப் போகிறதே என்றால், அதெல்லாம் கணக்கில் சேராதாம். நல்லா இருக்கிறது நியாயம்!

இப்போது ஜிம்மிக்குக் காய்ச்சல். ஜாதி நாய், பார்டர் கோலி. வடிவம்மாள் வளர்க்கும் ராணி போட்ட குட்டிகளில் மற்றதெல்லாம் போன இடத்தில் குதியாட்டம் போட, இவன் மட்டும் எலி மூஞ்சியோடு தேறாமல் கிடந்தான். மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். நிறுத்தினால் திரும்ப ஏறும்.

"அப்பவே சொன்னேன், நீ தூக்காதன்னு" என்றார் கந்தசாமி, தேத்தண்ணியை ஊதிக்கொண்டே.

வடிவம்மாளுக்குச் சுருக்கென்றது. "பொழைக்க வெச்சுக் காட்டுறேன், பாருங்க" என்றாள். திருஷ்டி கழித்தாள், கறுப்புக் கயிறு கட்டினாள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு, தானா ராத்தாவில் இருக்கும் மிருக டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ரெனீ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள், மூட்டுகளை அமுக்கிப் பார்த்தாள்.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா, ஆன்ட்டி?"

"எங்கம்மாவுக்கு இனிப்பு நீரு. இவருக்குப் பிரஷரு. கொழுந்தனாருக்கு மூலம்…"

"நாய்க் குடும்பத்துல, ஆன்ட்டி. இவனோட அம்மாவும் அப்பாவும் சொந்தமா?"

வடிவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஒரு கேள்வியையாவது கேட்டாளே மகராசி!

"பின்ன? அந்நியத்துல குடுப்பேனா? கோலா தெர்லாவுல ஒருத்தன் கேட்டான். என்னா வம்சம், யாரு எவருன்னு தெரியாம எப்படிலா குடுக்கிறது? ராணிக்குச் சொந்தத் தாய்மாமன் மகன் இருக்கான், எஸ்டேட் டிரைவர் மைக்கல் வீட்டு டைகரு. முறைமாப்பிள்ளைய விட்டுட்டு வெளிய போவேனா? தேங்கா பழத் தட்டோட போய்க் கேட்டேன்."

"மைக்கல் கேக் வெட்டினான்" என்று கந்தசாமி எடுத்துக் கொடுத்தார்.

டாக்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஜிம்மியின் ரத்தத்தை எடுத்தாள். அவன் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் வழித்தாள். ராணியையும் டைகரையும் வரவழைத்து அவற்றுக்கும் அப்படியே வழித்து, பரிசோதனைக்கு வெளியூருக்கு அனுப்பினாள்.

முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"நோயோட சண்டை போடுற வெள்ளணு இவன் எலும்புக்குள்ள நெறைய இருக்கு. ஆனா ரத்தத்துக்கு வரல. கோசு தோட்டத்துல மலையா குவிஞ்சு கெடக்கு, லோரி கெளம்பல, மார்க்கெட்டுல ஒண்ணுமில்ல. அந்த மாதிரி."

"லோரிக்காரன் யாரு?" என்றார் கந்தசாமி.

"லோரிக்காரன் யாருமில்ல, அங்கிள். பரம்பரையா வர்ற கொற."

"அப்ப ராணி பக்கந்தான். பொம்பள வழியாத்தானே வரும்?"

"ரெண்டு பக்கமும், அங்கிள். ராணிகிட்ட ஒண்ணு, டைகர்கிட்ட ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. தனியா இருந்தா ஒண்ணும் செய்யாது. ரெண்டும் ஒரே குட்டிக்குச் சேர்ந்து போனா இப்படி ஆகும். சொந்தத்துக்குள்ளயே சேர்த்தா அதுக்கு வாய்ப்பு அதிகம். இனிமே அதுங்க ரெண்டையும் சேர்க்காதீங்க."

வடிவம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கந்தசாமி அவளுக்குச் சொந்தத் தாய்மாமன் மகன்.

"அப்ப… வளர்த்த கை?" என்று மெல்லக் கேட்டாள்.

"கை என்னா செய்யும், ஆன்ட்டி? பொறக்கும்போதே இருந்தது. இவன் ரொம்ப காலம் இருக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேற வீடா இருந்தா எப்பவோ போயிருப்பான். உங்க கைதான் இவ்வளவு நாள் வெச்சிருக்கு."

வடிவம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜிம்மி போய்விடுவானே என்று நெஞ்சு வலித்தது. அதே நெஞ்சிலிருந்து ஏதோ பாரமும் இறங்கியது. மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க, டாக்டரம்மா. கொஞ்சம் சத்தமா. இவருக்குக் காது மந்தம்."

கந்தசாமியின் காதுக்கு ஒரு குறையுமில்லை. டாக்டர் சத்தமாகவே சொன்னாள். அவர் சுவரில் இருந்த பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். காருக்குப் போகும் வழியில் நின்றுவிட்டார்.

"வடிவு, நம்ம பையனுக்கும்… ரெண்டு பக்கமுமா இருந்திருக்குமோ?"

"யாருக்குத் தெரியும்? அப்ப யாரு டெஸ்ட் பண்ணா? பழிய மட்டும் ஒரு பக்கமாப் போட்டீங்க."

அவர் குட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஈப்போவில் இருக்கும் அம்மாவுக்கு அடித்தார்.

"அம்மா, நான்தான். நாய் விஷயமா டாக்டர் ஒண்ணு சொன்னாங்க…"

வடிவம்மாள் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, திரும்ப அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"நாய் இருக்கட்டும். பையன் விஷயத்தச் சொல்லுங்க."