உடம்பு அக்காவுக்கு, இன்ஜின் தம்பிக்கு

“இன்ஜின ஸ்டார்ட்டே பண்ணலக்கா. ஆனா நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சுத்து சுத்துதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது.”

“நல்லாப் பாத்துச் சொல்லுப்பா.”

“பாத்துட்டேன். சென்சாரையே கழட்டிட்டேன். இதோ என் உள்ளங்கையில இருக்கு, ஒயர் மட்டும்தான் மாட்டியிருக்கேன். இப்பவும் அதே ஆயிரத்து இருநூறு. எனக்கு ஒரு சந்தேகம்…”

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இதைச் சொன்ன மெக்கானிக்குக்கு எல்லாப் பேச்சும் ஒரு சந்தேகத்தில்தான் போய் நிற்கும். அதனால் ஊர் அவனைச் சந்தேகம் என்றே அழைத்தது. லாரிக்காரி பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சென்சார் எந்த இன்ஜினை எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊரின் மறுகோடியில் தம்பி மாவு மில்லைத் திறக்கும் நேரம் அது.

அந்த லாரி அவர்களுடைய அப்பாவுடையது. அவர் போன பிறகு அக்காவும் தம்பியும் அதற்காக அடித்துக்கொண்ட அடியில் உறவுக்காரர்கள் பாதிப் பேர் காது கேட்காதவர்களாகிவிட்டார்கள், மீதிப் பேர் அப்படி நடித்தார்கள். கடைசியில் தாய்மாமன் வந்து நடுவில் நின்று, “உடம்பு அக்காவுக்கு, இன்ஜின் தம்பிக்கு” என்றார். இதைக் கேட்டாவது இரண்டுக்கும் வெட்கம் வரும், விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துச் சொன்னது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் சரி என்றுவிட்டார்கள். ஒயரெல்லாம் உடம்போடு சேர்ந்தது என்று மாமா அரைமனதாகத் தீர்ப்பை முடித்துவைக்க, ஒயரின் நுனியில் தொங்கிய சென்சார்கள் அக்காவோடு போயின. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சாமான்கள், யாரும் கவனிக்கவில்லை. தம்பி இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கம்ப்யூட்டர் தேவைப்படாத பழைய மாடல் டீசல் பம்ப் ஒன்றைப் பொருத்தி, மாவு மில்லில் வைத்தான். பழைய இரும்புக்கு உடைத்த ஒரு பஸ்ஸிலிருந்து அக்கா அதே ரக இன்ஜினை வாங்கி லாரிக்குள் இறக்கினாள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் மில் இருக்கும் தெருவைத் தவிர்க்க அவள் ஊரையே சுற்றிக்கொண்டு போனாள்.

புது இன்ஜின் முதல் நாளிலிருந்தே விக்கியது. மேட்டில் ஏறும்போது இழுவை அறுந்து, புகையைக் கக்கி, லோடோடு பின்னால் நழுவப் பார்க்கும். சந்தேகம் முதலில் டீசலைச் சந்தேகப்பட்டான், பிறகு பில்டரை. மூன்றாவது சிலிண்டரில் டீசல் தெளிக்கும் இஞ்செக்டரைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டுப் பார்த்தான். கோளாறு இஞ்செக்டரில் இருந்தால் விக்கலும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை. கம்ப்ரஷன் பார்த்தான், எர்த் ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்தான், எலி கடித்திருக்குமோ என்று எலிப்பொறிகூட வைத்தான். விக்கலுக்கு ஒரு நேரக்கணக்கு இருந்தது. காலையில் வரும், மதியச் சாப்பாட்டு வேளையில் நிற்கும், ஒரு குட்டித் தூக்கம் போடும் நேரம் கழித்து மறுபடி தொடங்கும், வார விடுமுறையன்று எட்டிப் பார்க்காது. சாப்பிட்டதும் குறட்டை விடுகிற ஆள் குடும்பத்தில் ஒருவன்தான்.

ஆக லாரியின் கம்ப்யூட்டர் பஸ் இன்ஜினுக்குத் தாளம் போடவில்லை. மில்லில் ஓடும் இன்ஜினைக் கேட்டு, அதற்கேற்ப இங்கே டீசலைத் தெளித்துக்கொண்டிருந்தது; மில் நின்றிருந்தால் மட்டும் குத்துமதிப்பாக ஒழுங்காகத் தெளித்தது. அவள் சொல்லி இதை அறிந்ததும் சந்தேகம் மறுநாளே புது சென்சார்கள் இரண்டு வாங்கி வந்தான். ஒன்று சுற்றை எண்ண, ஒன்று சூட்டை அளக்க. இன்னொரு முறை மேட்டில் நின்றால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்று குடோன்காரர் சொல்லியிருந்தார்.

“மாத்திரலாமாக்கா?”

லாரிக்காரி டேஷ்போர்டில் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவன் எப்போது எழுந்தான், எப்போது வேலை நிறுத்தினான், காய்ச்சல் வந்து எப்போது மில்லை மூடினான் என்று அந்த முள்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவள்தான் அதை வண்டிக் கோளாறு என்று திட்டிக்கொண்டிருந்தாள். மாற்றினால் லாரி ஓடும், தம்பி நின்றுவிடுவான். “ம்…” என்று அவள் இழுத்தபோது, பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடந்த லாரியில் சூட்டு முள் எழுந்தது. பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, சிவப்பில் போய் முட்டியது.

அவள் போனை எடுத்தாள். அழிக்காமல் வைத்திருந்த நம்பர்.

“ஹலோ, யாரு?”

“முதல்ல மில்ல நிறுத்துடா. யாருன்னு அப்புறம் யோசி.”

ஆயிரத்து இருநூறு சட்டென்று சரிந்து பூஜ்யத்துக்கு வந்தது.

“ரேடியேட்டர் மூடியத் திறக்காத, மூஞ்சி வெந்துரும். கீழ பாரு, தண்ணி ஒழுகுதா?”

“ஹோஸ் கிழிஞ்சிருக்கு…” மறுமுனையில் மூச்சு வாங்கியது. “இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா இன்ஜின் போயிருக்கும். உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“வண்டி சொல்லுச்சு.”

“எந்த வண்டி?”

“நம்ம வண்டிதான்.”

சந்தேகம் புது சென்சார்களை டப்பாவோடு தூக்கி அலமாரியில் வைத்துவிட்டான். அவன் வாழ்க்கையில் சந்தேகமில்லாமல் செய்த ஒரே வேலை அதுதான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

இரண்டு இன்ஜினும் ஒரே வேகத்தில் சுற்றினால் விக்கல் இல்லை என்பது வெகு சீக்கிரம் விளங்கிவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் “மேடு வருதுடா” என்பாள், அவன் மில்லின் வேகத்தை அதற்கேற்ப மாற்றுவான். சில வாரங்களில் போனும் தேவைப்படவில்லை. மில் தானாகவே அவள் காலுக்கு அடங்கி ஓடியது. லாரி மேட்டில் முக்கி முக்கி ஏறும்போது மாவு கரகரவென்று விழும், சமதளத்தில் பறக்கும்போது பவுடர்போல் இறங்கும். ஊர் ஜனங்கள் தானியப் பையோடு வந்து, “உங்கக்கா இப்ப எங்க போய்ட்டிருக்காங்க?” என்று விசாரித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றார்கள். நைஸாக வேண்டியவர்கள் அவள் நெடுஞ்சாலையில் ஏறும்வரை காத்திருந்தார்கள். எங்கோ தூரத்து ஊரில் சிவப்பு விளக்கு விழுந்தால் மில் சோம்பி முனகும், வரிசையில் நிற்பவர்கள் பார்த்தேயிராத அந்தச் சிக்னலை வாய் நிறையத் திட்டுவார்கள். தம்பி ஆயில் மாற்றிய அன்று லாரி குழைந்து ஓடியது. லோடும் வேறு வண்டிக்குப் போகவில்லை. எப்படி ஓடுகிறது என்று கேட்டவர்களிடம் சந்தேகம், “சில வண்டிக்கு ஓனர் இருப்பாங்க, சில வண்டிக்குச் சொந்தபந்தமே இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைத்தான்.

ஆனால் அக்காவும் தம்பியும் மேடு, பள்ளம், தண்ணீர், ஆயில் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. மில் தெருவைச் சுற்றிக்கொண்டு போகும் பழக்கமும் மாறவில்லை. வருடங்கள் இப்படியே ஓடி, ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“இன்னைக்கு மில் லீவுக்கா.”

“தெரியும். முள்ளு படுத்துக் கிடக்கு.”

“வாசல்ல இருந்த மூட்டையெல்லாம் நகர்த்திட்டேன். லாரி நிக்கிற அளவுக்கு இடம் இருக்கு.”

அவள் கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே பஸ் இன்ஜின் அணைந்திருந்தது, அங்கே அப்பாவின் இன்ஜினும் அணைந்திருந்தது. இருந்தும் முள் நூலளவு எழுந்து நின்றது.

“வண்டிய எடுத்துட்டு ஒருவாட்டி இந்தத் தெரு வழியா வாயேன்க்கா. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கட்டும்.”