சிவப்புக் குழுவில் என் கணவர்

எங்கள் கலியாண வெள்ளிவிழாவுக்கு மகள் சாண்ட்ரா எங்களுக்கு ஒரு கிழமை சைக்கிள் விடுமுறை வாங்கித் தந்தாள். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், ஏப்ரல் கடைசியில். அவள் ஹனோவரில் வேலை செய்கிறாள். தானும் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் என்றால் மண்டபம் எடுத்து, வீடியோக்காரனைக் கூப்பிட்டு, தாய் தகப்பனை ஒரு நாள் முழுக்கக் கேக்குக்கு முன்னால் நிற்க வைப்பார்கள். என் பிள்ளைக்கு அந்தப் புத்தி வரவில்லை என்று நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஜெர்மனிக்கு வந்த நாள் தொட்டு நான் வுப்பர்டாலை விட்டு வெளியே போனதெல்லாம் யாராவது கலியாணம் கட்டியதற்கும் யாராவது செத்ததற்கும்தான். பாரிஸ் பார்த்திருக்கிறேன்: ஒரு மண்டபம், ஒரு சவச்சாலை. லண்டன் என்றால் மண்டபம் மட்டும். கெவெலார் மாதாவிடம் வருடா வருடம் யாத்திரை போகிறோம், அதுவும் ஊருக்கெல்லாம் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு. ஒருவரும் கட்டாத, ஒருவரும் சாகாத ஓர் இடத்துக்குச் சீலையும் நகையும் இல்லாமல் போவது எனக்கு இதுதான் முதல் தடவை. அந்தத் தீவை நான் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

எல்லா வகை ஆட்களுக்கும் அங்கே இடமுண்டு என்று சாண்ட்ரா தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். பச்சைக் குழு கடலோரச் சமதரையில் போகும். குழந்தைகளைப் பின்வண்டிலில் வைத்து இழுக்கிற குடும்பங்களும், இடையில் இறங்கித் தோடம்பழச் சாறு குடிக்க விரும்புகிறவர்களும் அதில் சேரலாம். நீலக் குழு பழக்கப்பட்டவர்களுக்கு. சிவப்புக் குழு மலை ஏறுகிறவர்களுக்கு. ஏலாதவர்களுக்கு மின்சாரச் சைக்கிளும் கொடுப்பார்களாம்.

“அம்மாவைப் பச்சையிலை போடுறன். அப்பாக்கு என்ன?” என்று கேட்டாள்.

இவர் தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். “சிவப்பு,” என்றார்.

“அப்பா, ஆயிரம் மீற்றர் ஏறோணும்.”

“ஏறலாம்.”

நாங்கள் யாரும் அதிசயப்படவில்லை. என் கணவர் அருட்பிரகாசத்தின் சைக்கிள் வரலாறு வுப்பர்டால் தமிழர் எல்லாருக்கும் தெரியும். பெற்றோல் இல்லாத போர்க்காலத்தில், இராணுவ ஹெலி மேலே சுற்ற, சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு மூட்டை அரிசியோடு சைக்கிளில் வந்த கதையை இவர் ஞானஸ்நான வீட்டிலும் சொல்லியிருக்கிறார், செத்த வீட்டிலும் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இளம் பெடியள் தங்கள் விலையுயர்ந்த சைக்கிள்களைப் பற்றிய பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அதன் பிறகு இவருக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, சைக்கிள் ஓடினால் நல்லது என்றார். இவர் அந்த வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிறகு வேலையிடத்தில் லீவு கிடைக்காது என்றார். இவருடைய மேலாளரின் மனைவி என்னோடு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். லீவு எப்போதோ எழுதியாயிற்று, எங்களுக்கு நல்ல வெயில் கிடைக்கட்டும் என்று அவள் வாழ்த்தினாள்.

அடுத்தது காற்சட்டை. பின்பக்கம் தடித்த பஞ்சு வைத்த கறுப்புக் காற்சட்டை இரண்டைச் சாண்ட்ரா பார்சலில் அனுப்பியிருந்தாள்.

“இதைப் போட்டுக்கொண்டு சனத்துக்கு முன்னாலை போக ஏலாது,” என்றார் இவர்.

“மயோர்க்காவிலை ஆர் சனம்?”

“சனம் எல்லா இடமும் இருக்கும்.”

நான் என்னுடையதைப் போட்டு, மேலே வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சமைத்துப் பார்த்தேன். பிழை சொல்ல ஒன்றுமில்லை. கதிரையில் இருந்து வெங்காயம் உரிக்க மிகவும் சுகமாக இருந்தது.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு நொந்தது. இந்த மனிசனுக்கு என்னோடு ஒரு கிழமை தனியே இருக்க விருப்பமில்லை என்றுதான் நினைத்தேன். இருபத்தைந்து வருடமாக வேலை, பிள்ளை, கோயில் என்று ஓடியாயிற்று. இனி முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னால் இவருக்கு முழங்கால் நோகிறது. குளிக்கிற அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு தண்ணீர் பில் நினைவுக்கு வந்து நிறுத்தினேன்.

கீழ்வீட்டு யூலியாவிடம் அவளுடைய சைக்கிளை இரவல் வாங்கி, ஞாயிறு காலை பூசைக்கு முன்னால், ஓடிப் பார்க்கவென்று இவரைக் கூட்டிக்கொண்டு பேரங்காடியின் கார்த்தரிப்பிடத்துக்குப் போனேன். வுப்பர்டாலில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் சரிவிலேதான் கட்டினார்கள். சமதரை வேண்டுமென்றால் ஆற்றோரத்துக்கு இறங்கவேண்டும், அல்லது கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை இப்படி ஓர் இடத்துக்கு வரவேண்டும்.

இவர் சில்லை அமத்திப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். மணியை அடித்துப் பார்த்தார். சீற் உயரம் என்று பதித்தார். பதிவு என்று உயர்த்தினார். இது பெண்கள் சைக்கிள், ஹாண்டில் கோணல் என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்ற பழமொழி எனக்கு அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. வந்தது.

“இஞ்சாருங்கோ,” என்றேன். “ஏறுங்கோ.”

இவர் சைக்கிளின் ஒரு பக்கத்தில் நின்றார். பிறகு சுற்றிப்போய் மற்றப் பக்கத்தில் நின்றார்.

“கொறற்றி,” என்று என் பெயரைச் சொன்னார். “எனக்கு ஓடத் தெரியாது.”

“என்னத்தை?”

“சைக்கிள். பழகிற வயசிலை பழகேல்லை. பிறகு ஆரிட்டையும் கேக்க வெக்கமாப் போச்சு.”

பக்கத்துத் தெருவுக்கு மேலே எங்கள் ஊர்த் தொங்குரயில் ஒன்று போனது. என் மனது மூன்ஸ்ரர் நகரத்துக்குப் போயிருந்தது. நான் கலியாணம் கட்டி வந்த புதிதில் இவருக்கு அங்கே நல்ல நிரந்தர வேலை ஒன்று கிடைத்தது. தட்டு மாதிரித் தட்டையான ஊர். சின்னவர் பெரியவர் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள். இவர் வேண்டாம் என்றார். காற்றுச் சரியில்லை, வுப்பர்டால்தான் குடும்பத்துக்கு ஏற்றது என்றார். நானும் நம்பினேன். பிள்ளை வண்டிலையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் தூக்கிக்கொண்டு இந்த ஊர்ப் படிகளில் என் இளமை முழுவதும் ஏறி இறங்கினேன். மேட்டில் இருக்கிறவனை ஏன் சைக்கிள் ஓடவில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காக.

“மூன்ஸ்ரர்,” என்றேன்.

“ஓம்,” என்றார் இவர்.

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியே வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் பூசைக்குப் போகவில்லை. எனக்கு வந்த கோபத்தோடு நற்கருணை வாங்கியிருந்தால் அது பாவம். இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. சோற்றை மட்டும் மேசையில் சத்தமாக வைத்தேன். மூன்றாம் நாள் இவர், “சாண்ட்ராவிட்டை எனக்குச் சுகமில்லை எண்டு சொல்லும். நீங்கள் இரண்டு பேரும் போட்டு வாங்கோ,” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் அரைவாசி இறங்கிவிட்டது. என்னோடு இருக்க விருப்பமில்லாமல் அல்ல, பிள்ளைக்கு முன்னால் வெட்கப்பட ஏலாமல்தான் இந்த மனிசன் இத்தனை பாடு படுகிறார். எனக்கோ அந்தத் தீவை இவரோடுதான் பார்க்கவேண்டும். தனியே போனால் அதுவும் ஒரு மண்டபம் மாதிரித்தான்.

“ஞாயிற்றுக்கிழமை வாறீங்கள். நான் பழக்கிறன்,” என்றேன்.

“ஐஞ்சிலை வளையாதது ஐம்பதிலை வளையுமே?”

“உங்களுக்கு ஐம்பத்தேழு. வாங்கோ.”

இப்படித்தான் பாடம் தொடங்கியது. நான் பின்னால் சீற்றைப் பிடித்துக்கொள்வேன். இவர் ஒரு காலை உழக்கியில் வைத்து, மற்றக் காலைத் தரையை விட்டு எடுக்கமாட்டார். எடுத்தால் முன்சில்லையே பார்ப்பார். சில்லு போகிற பக்கத்துக்கு முழு மனிசனும் போவார். “விட்டிடாதையும், விட்டிடாதையும்,” என்பதை இவர் செபமாலை மாதிரிச் சொன்னார். மூன்று ஞாயிறு முடியும்போது, நான் பிடித்திருந்தால், ஒரு கார் நிற்கிற நீளத்துக்கு ஓடினார். சிவப்புக் குழுவுக்கு மிச்சமிருந்தது ஆயிரம் மீற்றர் ஏற்றம்.

நாலாவது ஞாயிறு, இவர் சீற்றிலிருந்து இறங்கி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் உள்ளே திரும்பியது. றெக்ஸ். எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருக்கிறவர். பழைய உடுப்புப் போடும் பெட்டிக்குப் பை கொண்டுவந்திருந்தார். றெக்ஸிடம் ஒரு செய்தி போனால் அதைப் பங்குச் சுவாமி பூசையில் அறிவிக்கத் தேவையில்லை.

இவருடைய முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. நான் யோசிக்கவில்லை. இவர் கையிலிருந்த சைக்கிளைப் பறித்து ஏறினேன். இளவாலையில் ரியூசனுக்குக் குடையையும் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓடியவள் நான். ஓடத் தெரிந்தவளுக்கு விழுவது லேசான வேலை இல்லை. உடம்பு விழமாட்டேன் என்று நிற்கும். ஹாண்டிலை வேண்டுமென்றே ஆட்டி, தள்ளுவண்டில்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒருமாதிரி விழுந்தேன். முழங்கால் நன்றாகவே உரிந்துவிட்டது.

றெக்ஸ் ஓடிவந்தார். “அக்கா, கவனம். அண்ணை பழக்கிறாரோ?”

“ஓம் தம்பி. எனக்கு ஏறுதே இல்லை.”

“முன்சில்லைப் பாக்கக் கூடாது அக்கா. நேர பாக்கோணும். அண்ணை மாதிரி ஓர் ஆளிட்டைப் பழகிறது உங்கடை அதிட்டம். இந்த வயசிலை பொம்பிளையளுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.” பிறகு இவரிடம் திரும்பி, “உங்களுக்கு நல்ல பொறுமை அண்ணை,” என்றார்.

என் முழங்காலிலிருந்து இரத்தம் பஞ்சுக் காற்சட்டைக்குக் கீழே வடிந்துகொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்து ஏலாத மாணவி போல இருந்தேன். இவர் சொல்லவேண்டியது ஒன்றுமேயில்லை. சிரித்துவிட்டு நின்றால் போதும், றெக்ஸ் போய்விடுவார்.

“றெக்ஸ்,” என்றார் இவர். “அவவுக்கு வடிவா ஓடத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அவதான் எனக்குப் பழக்கிறா.”

றெக்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

“அப்ப சாவகச்சேரி, அரிசி மூட்டை?”

“அது உண்மை. என்ரை அண்ணர் ஓடினவர். நான் மூட்டைக்கு மேலை இருந்தனான்.”

“ஹெலி?”

“ஹெலியும் உண்மை.”

றெக்ஸ் உடுப்புப் பையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பூசைக்கு நேரமாகிறது என்று போனார். இவர் என்னிடம் வந்து குந்தி, தன் கைலேஞ்சியால் என் முழங்காலைக் கட்டினார். இருபத்தைந்து வருடத்தில் இந்த மனிசன் எனக்கு எத்தனையோ வாங்கித் தந்திருக்கிறார். இதைப் போல ஒன்றும் தந்ததில்லை. நான் அதைச் சொல்லவும் செய்தேன். இவர், கட்டு இறுகிவிட்டதோ என்று கேட்டார்.

பின்னேரத்துக்குள் வுப்பர்டால் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொறன்ரோவில் விடிந்ததும் அங்கேயும் தெரிந்தது. தொலைபேசி அடிக்க அடிக்க, இவர் எடுத்து, “ஓம், தெரியாது,” என்று சொல்லி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தானாகவே சாண்ட்ராவை அழைத்து, நானும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“சாண்ட்ரா, என்னைப் பச்சைக் குழுவிலை போடு. அங்கை இரண்டு பேர் ஓடுற சைக்கிள் இருந்தா அதைக் கேள். அம்மா முன்னுக்கு ஓடட்டும். அப்பாக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.”

“என்னப்பா பகிடி விடுறீங்கள்?”

“பகிடி இல்லை.”

“நீங்கள்தானே எனக்குப் பழக்கினது. எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. ஆத்தங்கரையிலை முன்னுக்கு நிண்டு, வா வா எண்டு கையைத் தட்டினீங்கள்.”

“ஓம், நான் முன்னுக்கு நிண்டனான். சீற்றைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை ஓடினது அம்மா.”

அந்தக் கோடை எனக்கு நினைவிருந்தது. குனிந்தபடி ஓடி என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆம்பிளை முன்னுக்கு நின்று கட்டளை போடுவது வழக்கம்தானே என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். பிள்ளை ஒருதரமும் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவாள் என்று நான்தான் பார்க்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

“அம்மா,” என்றாள் சாண்ட்ரா. குரல் மாறியிருந்தது. “நீங்கள் எப்ப கையை விட்டனீங்கள்?”

நான் முழங்காலில் இருந்த கைலேஞ்சியை அவிழ்த்து மறுபடி கட்டினேன். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்தார்.

“முதல் நாளே விட்டிட்டா, பிள்ளை,” என்றார். “பிறகும் அந்தக் கோடை முழுக்கப் பின்னாலை ஓடினவ.”