மாவுக்கட்டில் ஒன்பது நாள்

தனிஸ்லாஸ் நல்லவன். அதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நல்லவனாக இருந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியதுதான் அவன் கோளாறு. வில்லியனூருக்கு மேற்கே இருக்கும் தன் ஊரிலிருந்து புதுச்சேரி மில்லுக்குத் தினமும் சைக்கிள் மிதிப்பான். வழியில் கோயில், குருசடி எது தென்பட்டாலும் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். அந்தப் பக்தியில் இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்திருக்கிறான்.

அவன் மனைவி கிரேஸ் மேரி வேறு ரகம். நடவுக்காரி. பன்னிரண்டு வயதிலிருந்து சேற்றில் நின்றவள். கயிறு பிடிக்காமலே அவள் வரிசை நேராக வரும். மற்றவர்கள் நாலு அடி நட்டால் அவள் ஆறு அடி பின்னுக்குப் போயிருப்பாள். நடவுக் கூட்டத்துக்குத் தலைவியான கனகாம்பாள் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. அவளே, "எனக்கப்புறம் இவதான்" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட நாளிலிருந்து கிரேஸ் மேரியின் நடையே மாறிவிட்டது என்று தனிஸ்லாஸ் கிண்டல் செய்வான். ஊர் முன்னால் புருஷனை 'அவரு' என்பாள், வீட்டுக்குள் 'நீ'. அதிலும் அவனுக்கு ஒரு பெருமை.

எண்பத்தொன்றில் பெண் குழந்தை பிறந்தது. அன்னாள் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பெற்ற உடம்போடு மூன்றாம் மாதமே கழனிக்குப் போனவள், ஒரு நாள் நாற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கும்போது 'அம்மா' என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த வலி போகவே இல்லை. தைலம் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். கடைசியில் மில்லில் கொடுத்த வைத்திய நோட்டைக் காட்டிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் அரங்கநாதன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்புக்கு மேலே ஒரு எலும்பில் இரண்டு பக்கமும் விரிசல். பல வருஷம் குனிந்து குனிந்து வேலை செய்ததில் வந்தது.

"ரெண்டு வழி இருக்கு" என்றார். "ஒண்ணு, இடுப்பு எலும்புல கொஞ்சம் செதுக்கி எடுத்து, இந்த எலும்பையும் கீழ இருக்கற எலும்பையும் ஒண்ணா சேத்துடறது. வெல்டிங் வெச்ச மாதிரி. வலி நிச்சயமா குறையும். ஆனா அந்த இடம் வளையாது. நடவு வேலையெல்லாம் மறந்துட வேண்டியதுதான்."

"இன்னொண்ணு?" என்று கேட்டவள் கிரேஸ் மேரி. தனிஸ்லாஸ் முதல் வழியிலேயே திருப்தியாகி எழுந்துவிட்டான்.

"விரிசல் விட்ட எலும்ப மட்டும் கம்பி போட்டு இழுத்துக் கட்டறது. விரிசல் கூடிடுச்சின்னா முதுகு முன்ன மாதிரியே வளையும். உனக்கு இருபத்திரண்டு வயசு, எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வும் நல்லா இருக்கு, அதனாலதான் சொல்றேன். ஆனா பத்து பேர்ல ரெண்டு பேருக்குக் கூடாமலும் போகலாம். மூணு மாசம் மாவுக்கட்டோட படுத்திருக்கணும். கட்டுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"கம்பியே கட்டுங்க சார். நான் குனியணும்" என்றாள்.

வெளியே வந்ததும் தனிஸ்லாஸ் கெஞ்சினான். "இன்னாத்துக்குடி இந்த வம்பு? நான்தான் மில்லுக்குப் போறேனே. நீ குனிஞ்சாதான் சோறா?"

"சோத்துக்கு இல்ல" என்றாள் அவள். "மண்ண தொடாம நான் இன்னா பண்ணுவேன்? புள்ளய தொட்டில்லேர்ந்து நான் தூக்க வாணாமா?"

அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் பத்தில் அந்த இரண்டு பேர் அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்து, மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கூரை வீடு, கோடை வெயில், நாலு அசையாத சுவர். கட்டுக்குள் வேர்த்து அரித்தது. ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டு நாளை எண்ணினாள் கிரேஸ் மேரி. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அன்னாமேரி பார்த்துக்கொண்டாள். பால் குடிக்க மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் படுக்க வைப்பாள்.

ஐந்தாவது வாரம் வில்லியனூர் மாதா கோயிலில் கொடியேறியது. ஒன்பது நாள் திருவிழா. தனிஸ்லாஸ் மில் விட்டு நேராக அங்கே போனான். குளத்துப் படியில் இறங்கி ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டான். புதுச்சேரியில் காலிப் பாட்டிலுக்கா பஞ்சம்! முதல் நாளே பிராந்தி வாடை போக வெந்நீரில் மூன்று தரம் கழுவி வைத்திருந்தான். அவ்வளவு சுத்தம் பார்த்தவன்தான்.

வீட்டுக்கு வந்து அவளைக் கவிழ்ந்து படுக்கச் சொன்னான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாணாம். தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல?"

"அவரு சொன்னது கொழாத் தண்ணி, கெணத்துத் தண்ணிய. இது மாதாவோட தண்ணி. இது கெடுதல் பண்ணுமா? சொல்லு, பண்ணுமா?"

அவன் பாட்டிலைத் திறந்து பிடித்திருந்தான், கண் கலங்கியிருந்தது. ஒரு மாதமாக அவளுக்குக் கஞ்சி ஊட்டி, மலம் எடுத்து, துணி துவைத்துப்போட்ட கை. கிரேஸ் மேரியால் அந்தக் கையைத் தட்டிவிட முடியவில்லை. அவளும் மாதாவை நம்புகிறவள்தானே. "கொஞ்சமா ஊத்து" என்று முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

முதல் நாள் கட்டின் மேல் விளிம்பு வழியாக ஒரு கரண்டி. தையல் போட்ட இடம்வரை போய்ச் சேரவில்லை என்று தோன்றியதால் மறுநாள் அரை தம்ளர். ஒன்பது நாளும் ஜெபம் சொல்லிக்கொண்டே ஊற்றினான். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது என்று அவள் சொன்னபோது அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தேர் அன்று கூட்டத்தில் நின்று வாய்விட்டு அழுதான். நன்றி சொல்லி அழுதான், அதுதான் கொடுமை.

பதினோராம் நாள் கட்டு இடுப்புப் பக்கம் ஊறின முறுக்கு மாதிரி நசுங்கியது. அப்புறம் வாடை. அப்புறம் குளிர் காய்ச்சல். வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் கட்டை வெட்ட வேண்டியிருக்கவில்லை. கையாலேயே பிய்த்து எடுத்தார்கள். தையல் வாய் திறந்து சீழ் கொட்டியது. டாக்டர் அரங்கநாதன் முகம் சிவந்துவிட்டது.

"தண்ணி எப்படிப் போச்சு உள்ள? யாரு ஊத்தினது?"

தனிஸ்லாஸ் வாயைத் திறந்தான். அதற்குள் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் சார். வெக்கை தாங்கல. அவரு மில்லுக்குப் போன நேரத்துல ஊத்திக்கிட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருந்தாலும் இதே கதிதான், எந்தத் தண்ணீரும் கட்டுக்கு எமன்தான் என்றார். படித்துப் படித்துச் சொன்னேனே என்றார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தனிஸ்லாஸ் திறந்த வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

கம்பியை எடுத்துவிட்டார்கள். சீழ் ஜவ்வுவரை போயிருந்தது. இரண்டு மாதம் ஊசி போட்டுப் புண் ஆறின பிறகு, ஆடியில் மறுபடியும் ஆபரேஷன். இந்தத் தடவை டாக்டர் இரண்டு வழி சொல்லவில்லை. மூன்று எலும்பைச் சேர்த்து ஒன்றாக்கினார். வலி போய்விட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும், வலி சுத்தமாகப் போய்விட்டது. அதோடு வளைவும் போனது. கீழே விழுந்த சீப்பை எடுக்க வேண்டுமானால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி இறங்குவாள். எழ அவன் கை கொடுக்க வேண்டும். அன்னாள் தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். அவள் மேலே நின்று தலையைத் தடவுவாள். குழந்தையின் உச்சிதான் அவள் கைக்கு எட்டும்.

தனிஸ்லாஸ் கோயில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லையே, பாவம் ஆகாது என்று சாமியார் ஆறுதல் சொல்லி அனுப்பினார். ஒரு நூறு ஜெபம் அபராதம் போட்டிருந்தால்கூட அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மறு வருஷம் ஆவணியில் ஒரு நாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் காட்டிவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி இருவரும் நடந்து வந்தார்கள். இனி ஆயுசுக்கும் கழனி வேலை கூடாது என்று டாக்டர் முடித்துச் சொல்லிவிட்ட நாள் அது. வழியில் நடவு. பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். கிரேஸ் மேரி நின்று புதிதாக நட்ட வரிசைகளைப் பார்த்தாள். கோணலாக இருந்தன.

கனகாம்பாள் கை கழுவிக்கொண்டே சொன்னாள். "எம்மாம் பெரிய நடவுக்காரி! மூணு மாசம் வெக்கைய பொறுத்துக்க முடியல பாரு. தானே தண்ணிய ஊத்திக் கெடுத்துக்கிச்சி. யார சொல்லி இன்னா?"

ஒரு வருஷமாக ஊர் சொன்ன பேச்சுதான். ஆனால் அன்று தனிஸ்லாஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அவ ஊத்தல! நான்தான் ஊத்தனேன்!" என்று கத்தினான். "மாதா கொளத்துத் தண்ணிய ஒம்போது நாளு நான் ஊத்தனேன். அவ வாணாம்னா. நான்தான் கெடுத்தேன்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கிரேஸ் மேரி சிரித்தாள்.

"சும்மா சொல்றாரு கனகாம்பா. என் மேல பேச்சு வருதேன்னு தாங்கல அவருக்கு. நான்தான் ஊத்திக்கினேன்."

அவ்வளவுதான். பெண்களுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பெண்டாட்டி பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் புருஷன் எங்கே கிடைப்பான் என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்துவெச்சவடி நீ" என்றாள் கனகாம்பாள். தனிஸ்லாஸ் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அவன் இன்னும் நல்லவன் ஆகிக்கொண்டே போனான்.

கழனி மறைந்ததும் அவன் கேட்டான். "ஏன்டி அப்டி சொன்ன? ஆஸ்பத்திரில சொன்ன, சரி. அன்னிக்கி எனக்காவ சொன்ன. இன்னிக்கி ஏன்?"

அவள் நேராகப் பார்த்தபடியே நடந்தாள். கழுத்தைத் திருப்பாமல் பேசினாள்.

"அன்னிக்கி உனக்காவதான். டாக்டரு திட்டனா நீ ஒடஞ்சிபூடுவ. இன்னிக்கி உனக்காவ இல்ல. ஊர் முன்னால ஒத்துக்கிட்டா உன் பாரம் எறங்கிடும். நாலு பேரு திட்டுவாங்க, ரெண்டு நாளு அயுவ, அப்புறம் நல்லா தூங்குவ. எனக்கு எறங்குமா? நானும் ஊத்துன்னுதானே சொன்னேன். உனக்கு மட்டும் எறக்கிக் குடுக்க என்னால முடியாது. நீயும் வெச்சிக்க."

தனிஸ்லாஸ் அவள் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே போனான்.